சேரும் கிலோவும்

பிழைப்பை நாடி வடக்கே குடிபெயர்ந்த நம் முன்னோருக்கு, மொழி மட்டுமன்றி அளவையும் அயலாகவே இருந்தது. சென்னை மாகாணத்தில் மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. வடநாட்டிலோ எண்பது தோலா ஒரு சேர். நாற்பது சேர் ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் தென்னாட்டுச் சேர் ஏறத்தாழ 280 கிராம். வடநாட்டுச் சேர் 933 கிராம். தென்னாட்டு மணங்கு 11 கிலோவுக்குச் சற்று மேல். வடநாட்டு மணங்கோ 37 கிலோவுக்கும் மேல். சொல் ஒன்றாயினும் அளவு வேறு. புதிதாக வந்த குடும்பத்தார் விலை கேட்டுத் திகைத்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

இக்குழப்பத்தை நீக்கவே 1956-ஆம் ஆண்டில் எடையளவுச் சட்டம் பிறந்தது. 1957 ஏப்ரல் முதல் நாளில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் சில பகுதிகளில் தொடங்கிய கிலோகிராம், 1962 ஏப்ரலில் நாடெங்கும் கட்டாயமாயிற்று. அன்று முதல் மதுரையில் மூட்டைக்கு எழுதிய எண்ணும் தில்லியில் படிக்கும் எண்ணும் ஒரே பொருள் உடையனவாயின.

இனி, கிலோ அளப்பது எதனை? வழக்கில் எடை என்கிறோம். அறிவியல் அதனை நிறை என்கிறது. ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவே நிறை. அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசையே எடை. இவ்வேறுபாட்டை 1901-இல் பாரிசில் கூடிய அளவியல் மாநாடு வரையறுத்தது. ஒரு கிலோ அரிசியைச் சந்திரனுக்குக் கொண்டு சென்றால் எடை ஆறில் ஒரு பங்காகும். அரிசியோ ஒரு மணியும் குறையாது.

இரு தட்டுத் தராசில் படிக்கல்லும் பண்டமும் ஒரே அளவில் ஈர்க்கப்படுவதால், அது எவ்விடத்தும் நிறையைச் சரியாகவே காட்டும். வில்தராசு அத்தகையதன்று. துருவத்தில் ஒரு கிலோவுக்குச் சரிசெய்த வில்தராசு, நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 5 கிராம் குறைத்துக் காட்டும். இன்றைய மின்னணுத் தராசுகளிற் பெரும்பாலானவையும் விசையை உணர்ந்தே எண்ணைக் காட்டுகின்றன. ஆதலின் அவற்றைச் சரிபார்த்து முத்திரையிடுதல் இன்றியமையாதது.

பிளாட்டினம்–இரிடியம் உருளையாக இருந்த கிலோவின் மூலப்படி, 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண்ணுக்கு இடம் தந்தது. மூலம் மாறினும் கடைக்காரரின் படிக்கல் மாறவில்லை. ஊர் விட்டு ஊர் வந்தோர்க்கு, யாவர்க்கும் பொதுவான அளவு ஒரு பாதுகாப்பாகும். முத்திரை நோக்கி வாங்கும் வழக்கம் நம் இல்லங்களில் நிலைபெறுவதாக.