குறும்பு

"உங்கள் பேரன் பண்ணுகிற குறும்பு தாங்கவில்லை, ஸார்!" என்று புகார் சொல்ல வந்த எதிர்வீட்டு அம்மாள், சொல்லும்போதே சிரித்துவிட்டார். அவருடைய பெண்ணின் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டானாம். அம்மாள் சிரித்தார், பின்னால் நின்ற அந்தப் பெண் சிரிக்கவில்லை.

இந்தச் சொல்லைக் கேட்டு யாரும் சிரிக்காத காலம் ஒன்று இருந்தது. பழந்தமிழில் குறும்பு என்றால் அரண். அரணுக்குள் இருந்துகொண்டு அரசனுக்கு அடங்காமல் நாட்டை அலைக்கழித்த சிறு தலைவர்களுக்கும் அதே பெயர். நல்ல நாட்டின் இலக்கணம் சொல்ல வந்த வள்ளுவர், 735-ஆம் குறளில், வேந்தனை வருத்தும் கொலைகாரக் குறும்பு அங்கே இருக்கக் கூடாது என்கிறார். அன்று அரசனுக்கு அடங்காதவன். இன்று அம்மாவுக்கு அடங்காதவன். கோட்டையும் வாளும் போய், அடங்காமை மட்டும் மிஞ்சித் தொட்டிலுக்கு வந்து சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கலித்தொகையின் 51-ஆம் பாட்டிலே கபிலர் ஒரு போக்கிரியைக் காட்டுகிறார். சிறுமிகள் தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் கலைத்தவன். பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன். அவனுக்கு ஒருத்தி வைத்த பெயர் 'சிறுபட்டி'. கட்டுக்கு அடங்காமல் திரியும் மாடுதான் பட்டி. பின்னொரு நாள் அவன் தண்ணீர் கேட்டு வந்து, கொடுக்க வந்தவளின் கையைப் பற்றிவிடுகிறான். அவள் அலறுகிறாள், தாய் ஓடி வருகிறாள். அவளோ, குடித்த தண்ணீர் விக்கிக்கொண்டது என்று பொய் சொல்லி அவனைக் காப்பாற்றிவிடுகிறாள்!

பாட்டை ரசிக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறோம். அதைக் குறும்பு என்று தீர்மானித்தவள் அவள், அவன் அல்ல. தமிழ்நாட்டில் 1998-இல், பெண்களிடம் வம்பு செய்வதைத் தடுக்கச் சட்டம் வந்தபோது 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் என்றே பெயர் வைத்தார்கள். விளையாட்டு வாசனை வீசிய அந்தப் பெயரை 2002-இல் எடுத்துவிட்டு, பெண்ணைத் துன்புறுத்தல் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். நான்கு ஆண்டுகளில் சட்டம் கற்றுக்கொண்ட பாடம் அது.

பேரனைக் கூப்பிட்டு, பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன்.

"சும்மா குறும்புதானே பண்ணினேன், தாத்தா!" என்றான்.

"அதை நீ சொல்லக் கூடாதடா. அந்தப் பெண் சொல்லட்டும்" என்றேன்.