சும்மா கிடைத்த சத்தம் யாருடையது?

நோன்பு விடுமுறைக்கு முன் தரம் 11 பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து எங்கள் லேபில் சின்னதொரு கேம் செய்தார்கள். கடைசியில் ஒருவன் கேட்டான்: "சேர், கதவு திறக்கிற சத்தம் நெட்டில சும்மா எடுத்தது. அதுக்கும் பேர் போடணுமா?" எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. தேடிப் படித்ததை எழுதுகிறோம், பெற்றோரும் வாசியுங்கள்.

புரோகிராம் எழுதுவோருக்கு 1989 இலேயே ஜிபிஎல் என்ற பகிர்வு அனுமதி வந்துவிட்டது. படத்துக்கும் சத்தத்துக்கும் பொருத்தமான கிரியேட்டிவ் காமன்ஸ் அனுமதிகள் வந்ததோ 2002 டிசம்பரில்தான். இரவில் கண்விழித்து கேம் எழுதுகிறவனுக்குப் படம் வரைய வராது. ஒன்றில் வேலை பாதியில் நிற்கும், இல்லையென்றால் கம்பெனி கேம்களிலிருந்து களவாக எடுப்பான்.

2005 இல் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் ஃப்ரீசவுண்டைத் தொடங்கியது. மழை, காலடி, கதவு என்று ஆட்கள் தாங்களே பதிந்த சத்தங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். 2009 இல் படங்களுக்கு ஓப்பன்கேம்ஆர்ட் வந்தது.

ஆனால் சும்மா கிடைத்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒருவர் வரைந்த வீட்டு வாசலுக்குள் இன்னொருவர் வரைந்த மனிதன் நுழைய முடியாது, அவ்வளவு பெரியவன்! இதற்காகவே 2012 இல் 'லிபரேட்டட் பிக்சல் கப்' போட்டி நடந்தது. அளவு, கோணம், நிழல் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் விதி எழுதினார்கள். ஜூனில் வரைந்தார்கள், ஜூலையில் அந்தப் படங்களை வைத்து கேம் செய்தார்கள். முடி ஒருவருடையது, சட்டை இன்னொருவருடையது, சப்பாத்து வேறொருவருடையது என்று அடுக்கி ஒரு ஆளை உருவாக்கலாம். அதனால் ஒரே பாத்திரத்துக்கு ஏழெட்டுப் பேரின் பெயரைப் போட வேண்டியும் வரும். சலிப்பான வேலைதான். ஆனால் வரைந்தவர்கள் கேட்ட கூலி அது.

அதையும் கேட்காதவர்கள் உண்டு. 'கிளிட்ச்' என்ற கேம் 2012 இல் மூடப்பட்டது. மறுவருடம் அதன் கம்பெனி, கேமின் பெரும்பாலான படங்களை எந்த நிபந்தனையுமின்றிப் பொதுவுக்கு விட்டது. அதே கம்பெனிதான் பிறகு ஸ்லாக்கை உருவாக்கியது.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தை எங்கே எடுத்தோம் என்பதே நினைவில்லை. இரண்டு நாள் தேடினோம், கிடைக்கவில்லை. சத்தத்தைக் கழற்றிவிட்டு, எண்ணெய் காணாத லேப் கதவை ஃபோனில் பதிந்தார்கள். அதை எந்த அனுமதியில் பகிர்வது என்று இப்போது அவர்களுக்குள் ஒரே வாக்குவாதம்.