வெப்பத்தை இறைத்த கதை



வேதாரணியத்தில் பிறந்து, அவ்வூரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உப்பு என்றதும் எங்கள் ஊராருக்கு 1930ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் தொண்டர் படை திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டது. 28ஆம் நாள் வேதாரணியத்தை அடைந்தது. 30ஆம் நாள் அகத்தியன்பள்ளிக்கு அருகே உப்பை அள்ளிச் சட்டத்தை மீறியது. அந்த வரலாற்றை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். இன்று நான் சொல்லப்போவது உப்போடு தொடர்புடைய மற்றொரு வரலாறு. நிலத்தடியில் உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ஒரு பொறி குளிர் நாடுகளில் இன்று இலட்சக்கணக்கான வீடுகளில் இயங்குகிறது. அப்பொறியின் முதல் முயற்சி நடந்த இடம் ஓர் உப்பாலை!

இதைப் பற்றி நான் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் எங்கள் பகுதியில் கரை கடந்தது. என் ஓட்டு வீட்டின் கூரை போயிற்று. வீட்டுக்கு நிழல் தந்த மாமரங்களும் வேம்பும் வேரோடு சாய்ந்தன. பிறகு கான்கிரீட் வீடு கட்டினோம். காற்றுக்கு அஞ்சாத வீடு அது. ஆனால் சித்திரை மாதத்தில் அதனுள் இருப்பது அடுப்பங்கரையில் இருப்பது போலத்தான். என் மனைவிக்கு அந்தப் புழுக்கம் தாங்குவதில்லை.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சுவிட்சர்லாந்தில் சூரிச் நகருக்கு அருகே பொறியாளராக இருக்கிறார். சென்ற மார்கழியில் ஊருக்கு வந்தவர் என் வீட்டைப் பார்த்தார். "ஐயா! எங்கள் வீட்டில் நிலத்தடி வெப்பப் பம்பு வைத்திருக்கிறோம். பனிக்காலத்தில் வெப்பம் தருகிறது. கோடையில் குளிர்ச்சியும் தருகிறது. இங்கேயும் ஒன்று அமைத்துவிடலாம். செலவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்றார். "ஆராய்ந்து சொல்கிறேன், தம்பி" என்றேன். அந்த ஆராய்ச்சியே இந்தப் பேச்சு.

வெப்பப் பம்பு என்றால் என்ன? நம் தோட்டங்களில் முன்னாளில் இருந்த ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் மிதிப்பவன் தண்ணீரைப் படைப்பதில்லை. கீழே இருப்பதை மேலே தூக்குகிறான். நீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கே ஓடும். அதனைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்குக் கொண்டுவர உழைப்பு வேண்டும். வெப்பமும் அப்படித்தான். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு அது தானாகச் செல்லும்; குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு அதனை ஏற்ற வேண்டுமானால் உழைப்பைச் செலுத்தியாக வேண்டும். உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி செய்வதும் இதுவே. அதன் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே இருந்த வெப்பம் வெளியே வந்து சுடும்.

ஏற்றத்துக்குக் கிணறு வேண்டும் அல்லவா? அந்தக் கிணறு பூமியே. இதனை மனிதர் அளந்தறிந்த வரலாறு சுவையானது. பாரிஸ் வானாய்வு நிலையத்தின் அடியில் ஏறத்தாழ 28 மீட்டர் ஆழத்தில் நிலவறை ஒன்று உண்டு. அங்கே வெப்பநிலை கோடையிலும் குளிர்காலத்திலும் மாறாதிருப்பதை அறிஞர்கள் பதினேழாம் நூற்றாண்டிலேயே கவனித்தனர். 1783இல் லவாசியே அங்கு நுண்ணிய வெப்பமானி ஒன்றை நிறுவினார். அது ஆண்டு முழுவதும் 12 பாகைக்குச் சற்றே குறைவாகக் காட்டி நின்றது. நான் இங்குக் கூறும் பாகை யாவும் சென்டிகிரேடு பாகை. 1837இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்னும் பேராசிரியர் நிலத்தில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்தார். 24 அடி ஆழத்தில், கோடையின் வெப்பம் பல மாதங்கள் கழித்து, மேலே குளிர்காலம் நடக்கும்போதுதான் வந்து சேர்வதைக் கண்டார். கோடையின் வெப்பத்தைப் பூமி நெற்குதிர் போலச் சேமித்து வைக்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

நம் தென்னாட்டிலும் இந்தச் சோதனை நடந்தது. மன்னர் சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் ஒன்றை அமைத்தார். அதன் இயக்குநர் ஜான் கால்டிகாட், 1842 முதல் 1845 வரை அங்கே நிலத்தின் வெப்பத்தை அளந்து குறித்தார். ஆண்டு முழுவதும் அது சிறிதளவே மாறுவதையும், காற்றின் சராசரி வெப்பத்தைவிட நிலத்தின் சராசரி மேலாக இருப்பதையும் அவருடைய குறிப்புகள் காட்டின. இந்தச் செய்தியை மறவாதீர்கள். இறுதியில் இது நமக்குத் தேவைப்படும்.

கிணறு கிடைத்தது, ஏற்றம் எப்படி வந்தது? 1824இல் சாடி கார்னோ என்னும் இளைஞர் பிரான்சில் வெளியிட்ட ஒரு சிறு நூல், வெப்பத்துக்கும் உழைப்புக்கும் உள்ள உறவை ஆராய்ந்தது. இந்தியா போன்ற வெப்ப நாடுகளில் வாழ்வோரின் அறைகளைக் குளிர்விக்கக் காற்றை அழுத்தி விரிக்கும் முறை ஒன்றை 1850ஐ ஒட்டி ஸ்காட்லாந்து வானியலறிஞர் பியாட்சி ஸ்மித் கூறினார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், 1852இல் அக்கருத்தைத் திருப்பிப் பார்த்தார். குளிர்விக்கும் பொறி ஓரிடத்து வெப்பத்தை வேறோரிடத்துக்குக் கடத்துகிறது என்றால், அதே பொறியால் வீட்டைச் சூடாக்கவும் முடியுமே! நிலக்கரியை நேராக எரிப்பதைவிட, அதனால் ஒரு பொறியை இயக்கி வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இறைப்பது சிக்கனம் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

காகிதத்தில் இருந்த கணக்கைச் செயலில் காட்ட முயன்றவர் ஆஸ்திரிய நாட்டுச் சுரங்கத் துறை அதிகாரி பீட்டர் ரிட்டிங்கர். இங்கேதான் நம் உப்பு வருகிறது. எங்கள் அகத்தியன்பள்ளியில் கடல்நீரைப் பாத்தியில் தேக்கினால் கதிரவனே அதனை வற்றச் செய்து உப்பாக்கித் தருவான். ஆல்ப்ஸ் மலை நாட்டில் அந்தப் பேறு இல்லை. மலைச் சுரங்கத்தின் உப்புக் கரைசலைப் பெரிய கொப்பரைகளில் காய்ச்ச வேண்டும். அதற்குக் காடு காடாக விறகு வேண்டும். ஹால்ஸ்டாட் என்னும் ஊரிலிருந்து எபன்சே என்னும் ஊருக்கு, குடைந்த மரங்களால் ஆன குழாயில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவுக்குக் கரைசலைக் கொண்டுசென்றனர் என்றால், விறகு இருக்கும் இடத்தை உப்பு தேடிச் சென்றது என்பது விளங்கும்.

1850களின் நடுவில் எபன்சேயில் ரிட்டிங்கர் ஒரு சோதனை செய்தார். கொப்பரையிலிருந்து எழும் நீராவி வீணே வானுக்குப் போகிறது. அந்த ஆவியை நீர்விசையால் இயங்கும் பொறிகொண்டு அழுத்தினால் அதன் வெப்பநிலை உயரும். அந்த ஆவியையே மீண்டும் கரைசலைக் காய்ச்சப் பயன்படுத்தினால் விறகில் பெரும்பகுதி மிஞ்சும். கருத்து சரியானது, ஆனால் உப்புப் படிந்து இடையூறு விளைத்ததால் வேலை தொடர்ந்து நடைபெறவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1877இல், சுவிட்சர்லாந்தின் பெக்ஸ் உப்பாலையில் பால் பிக்கார் என்பவர் அமைத்த பொறி இதே முறையில் செவ்வையாக இயங்கிற்று. விறகுப் பஞ்சம் பெற்றெடுத்த பிள்ளை இந்த வெப்பப் பம்பு.

உப்பாலையிலிருந்து அது வீட்டுக்கு வந்த வழியும் எரிபொருட் பஞ்சத்தின் வழியே. 1912இல் சூரிச் நகரப் பொறியாளர் ஹைன்ரிக் சோலி, நிலத்திலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது நிலக்கரி மலிவாக இருந்தமையால் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1938இல் சூரிச் நகர மன்ற மாளிகை, பக்கத்தில் ஓடும் லிம்மாட் ஆற்று நீரின் வெப்பத்தை இறைத்துச் சூடாக்கப்பட்டது. நிலக்கரிச் சுரங்கம் பெரிதாக இல்லாத அந்நாடு, போர்க் காலத்தில் இத்தகைய பொறிகள் பலவற்றை அமைத்தது. 1940களில் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் ராபர்ட் வெப்பர் என்பவர் தம் வீட்டு நிலத்தில் செப்புக் குழாய்களைப் புதைத்து வீட்டைச் சூடாக்கினார். 1973இல் பெட்ரோலிய விலை பன்மடங்கு ஏறியபோது சுவீடன், சுவிட்சர்லாந்து முதலிய நாடுகள் இதனை ஊன்றி நோக்கின. அதன் பிறகே இது வீட்டுப் பொருளாயிற்று.

என் மாணவர் தம் வீட்டில் அதனை அமைத்த வகையைப் படம் வரைந்தே விளக்கினார். முதலில் மாநில ஆட்சியின் அனுமதி பெற வேண்டும். குடிநீர் ஊற்றுகளுக்குக் கேடு வரும் இடமானால் துளையிட அனுமதி இல்லை. பிறகு ஆழ்துளை வண்டி வந்து, தோட்டத்தில் ஏறத்தாழ 180 மீட்டர் ஆழத்துக்குக் கையகலத் துளை ஒன்று இட்டது. அதில் கீழே போய் வளைந்து மேலே திரும்பும் பிளாஸ்டிக் குழாயை இறக்கினர். குழாயைச் சுற்றிய இடைவெளியைச் சிமெண்டும் களிமண்ணும் கலந்த குழம்பால் அடியிலிருந்து நிரப்பினர். ஒரு நீரடுக்கு மற்றொரு நீரடுக்கோடு கலவாதிருக்க இது வேண்டும். குழாயினுள் உறையாத நீர்க்கலவை ஓயாது சுற்றி வருகிறது. 10 பாகை அளவில் உள்ள பூமியின் வெப்பத்தை அது ஏந்தி வரும். எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் அவ்வெப்பத்தைப் பெற்று ஆவியாகும். மின்பொறி அவ்வாவியை அழுத்தும். அழுத்தத்தால் சூடேறிய ஆவி, தரைக்கடியில் ஓடும் நீரை 35 பாகை வரை சூடாக்கிவிட்டு மீண்டும் திரவமாகும். ஒரு பங்கு மின்சாரத்தைச் செலவிட்டு மூன்று நான்கு பங்கு வெப்பத்தைப் பெறுகிறார்கள். கோடையில் வீட்டின் வெப்பத்தை அதே துளைக்குள் திருப்பி விடுகிறார்கள்.

அவர் கடைசியாகச் சொன்ன இந்தச் செய்தியில்தான் என் கேள்விக்கு விடை இருந்தது. சூரிச் வீடு குளிர்காலத்தில் பூமியிடம் வெப்பத்தைக் கடன் வாங்குகிறது. கோடையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. எங்கள் வேதாரணியத்தில் என்ன நடக்கும்? எங்களுக்குச் சூடாக்க வேண்டிய காலமே கிடையாது. ஆண்டு முழுவதும் பூமிக்குள் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருப்போம். எடுப்பதற்கு ஒரு பருவம் வராது. துளையைச் சுற்றிய மண் ஆண்டுக்காண்டு சூடேறும். மேலும், எங்கள் நிலம் தொடக்கத்திலேயே குளிர்ந்ததன்று. கால்டிகாட்டின் குறிப்பை நினைவுகூருங்கள். நான் எங்கள் கிணற்றில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தேன். ஏறத்தாழ 28 பாகை. அது வீட்டைத் தானாகக் குளிர்விக்கும் அளவன்று. வெளியே 37 பாகை வெயில் அடிக்கும்போது, 28 பாகை மண்ணில் வெப்பத்தை விடுவதால் மின்சாரம் ஓரளவு மிஞ்சும் என்பது உண்மையே. துளையிடும் பெருஞ்செலவுக்கு அம்மிச்சம் ஈடாகாது.

வட இந்தியாவில் நிலைமை வேறு. தில்லிக்கு அருகே குவால் பஹாரியில் டெரி நிறுவனம் தன் பயிற்சி மாளிகைக்கு நிலத்தடியில் 4 மீட்டர் ஆழத்தில் காற்றுச் சுருங்கைகளை அமைத்தது. அங்கே மண் 26 பாகையை ஒட்டி இருக்கிறது. மேலே கடுங்கோடையும் உண்டு, கடுங்குளிரும் உண்டு. எனவே இரு பருவத்திலும் பூமி உதவுகிறது. ஒரே கருவியாயினும் இடத்துக்கு இடம் பயன் மாறும்.

இவை எல்லாவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஊரின் மணலில் மழைநீர் மெல்லிய படலமாக உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நாங்கள் குடிப்பதும் மல்லிகைக்குப் பாய்ச்சுவதும் அந்த நீரையே. ஆழத் துளையிட்டு, அடைப்பு சற்றே பழுதானாலும், கீழுள்ள உவர்நீர் மேலுள்ள நன்னீரோடு கலக்கக்கூடும். என் ஒரு வீட்டின் குளிர்ச்சிக்காக அண்டை வீட்டுக் கிணறுகளைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"தம்பி! உன் அன்புக்கு நன்றி. அந்தப் பொறி உன் ஊருக்கு ஏற்றது, என் ஊருக்கு ஏற்றதன்று" என்று அவருக்கு எழுதினேன். மொட்டை மாடியில் வெண்சுண்ணாம்பு பூசினேன். அதன்மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டேன். மேற்கே புன்னையும் வேம்பும் நட்டிருக்கிறேன். பந்தலால் புழுக்கம் பாதி தணிந்தது. மீதியை மரங்கள் வளர்ந்து தணிக்க வேண்டும். என் மனைவி மாலையில் அக்கன்றுகளுக்கு நீர் வார்க்கும்போது, "இவை நிழல் தருவதற்குள் நமக்கு வயது எண்பது ஆகிவிடும்" என்று சொல்லிச் சிரிக்கிறாள். அதை மறுக்க எனக்கு வழியில்லை.

மாணவர்களே! ஆஸ்திரியருக்கு விறகு அரிதாயிற்று. வெப்பத்தை இறைக்கக் கற்றார்கள். எங்களுக்கு நன்னீர் அரிது. அதனைக் காக்க நாங்கள் கற்க வேண்டும். புதிய கருவி ஒன்றைக் கேள்விப்பட்டால், அது எந்த நாட்டில், எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்று முதலில் கேளுங்கள். அடுத்து, உங்கள் ஊரின் மண்ணையும் நீரையும் அளந்து பாருங்கள். வெப்பமானி ஒன்றும் நீண்ட கயிறு ஒன்றும் போதும். ஓராண்டு, மாதம் ஒருமுறை, உங்கள் வீட்டுக் கிணற்றின் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். கால்டிகாட் தொடங்கி வைத்த வேலை அது; அதனை உங்கள் ஊரில் தொடர வேண்டியவர்கள் நீங்களே.