ஓய்மானாட்டு அடிசிலும் நம் இல்லத்து அடுக்களையும்

ஒரு நாட்டின் வரலாறு என்றவுடன் மன்னர் மரபும் போர்க்களமும் கல்வெட்டுமே நம்மனோர் நினைவிற்கு வருகின்றன. அந்நாட்டு மக்கள் நாள்தோறும் யாது உண்டனர், அதனை யாவர் ஆக்கினர், எங்ஙனம் ஆக்கினர் என்று வினவுவார் அரியர். அடுக்களைச் செய்தி அவையில் உரைத்தற்கு ஏலாது என்பது பலர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. திண்டிவனத்திற்கும் மரக்காணத்திற்கும் இடையே அமைந்த நம் பிரம்மதேசத்தைச் சூழ்ந்த நிலமே அதற்குப் போதிய சான்று பகரும்.

இந்நிலம் பண்டை நாளில் ஓய்மானாடு எனப் பெயர் பெற்றிருந்தது. இதனை ஆண்ட நல்லியக்கோடன் மீது பாடப்பெற்றதே பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவ்விடைக்கழிநாடு மரக்காணத்திற்கு வடக்கே கடலையடுத்து இன்றும் அப்பெயருடன் விளங்குகின்றது. ஏட்டில் உறங்கிய பத்துப்பாட்டை மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1889-ஆம் ஆண்டில் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டு உதவினார்கள். பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்ப்பட்ட மற்றொரு பாணனுக்கு வழிகூறுவதாக அமைந்தது அப்பாட்டு. வழியிலுள்ள எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், வேலூர் இன்றைய உப்புவேலூர் என்றும், அரசனிருந்த கிடங்கில் திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் நிற்பதே என்றும் ஆராய்வோர் கூறுவர். ஆகவே அப்பாணர் நடந்த நிலம் நாம் நாளும் நடக்கும் நிலமேயாம்.

அவ்வழியில் பாணர்க்குக் கிடைக்கும் உணவுகளைப் புலவர் ஊர்தோறும் பிரித்துரைக்கின்றார். எயிற்பட்டினத்தில் கடலலை கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரங்களை விறகாக்கிப் பரதவர் உலர்ந்த குழல்மீனைச் சுட்டளிப்பர். வேலூரில் எயினர் மகளிர் புளியிட்டு ஆக்கிய சூடான சோற்றை ஆமான் இறைச்சியுடன் அளிப்பர். ஆமூரில் உழவர் வீட்டுப் பெண்டிர், இரும்புப் பூணிட்ட உலக்கையாற் குற்றித் தீட்டிய அரிசியின் வெண்சோற்றை நண்டுக் கலவையுடன் இடுவர். நெய்தல், முல்லை, மருதம் என்னும் நிலவேறுபாடு இலையில் இட்ட உணவிலேயே புலப்படுகின்றது.

இனி, அரண்மனை விருந்தை நோக்குவோம். வீமன் செய்த சமையல் நூலின் முறை தவறாது ஆக்கிய பலவகை அடிசிலைப் பொற்கலத்தில் இட்டு, அரசன் தானே உடன்நின்று ஊட்டுவான் என்கின்றார் புலவர். ஈண்டு நாம் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அரசன் சமையற்கு நூல் இருந்தது. ஆயின் அவ்வடிசிலுள் ஒன்றன் பெயரேனும் பாட்டில் இல்லை. நூலில்லாத குடிமக்கள் வீட்டுணவுகளோ இன்னது இன்னதென்று தெளிவாக நிற்கின்றன. நாட்டின் இயல்பை அறிவிப்பது அவ்வீட்டுணவே என்று புலவர் கண்டார் போலும்.

இன்னும் ஓர் அடுக்களை அப்பாட்டில் உளது. பரிசில் பெறுமுன் தன் வீடு இருந்த நிலையைப் பாணன் ஒளியாது உரைக்கின்றான். அடுக்களையில் காளான் பூத்துக் கிடந்தது. ஈன்ற நாய் பசியாற் குரைத்தது. அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி உப்பின்றி வேகவைத்தாள். அறிவிலார் கண்டு நகுவரென்று நாணித் தெருக்கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தாருடன் ஒருங்கிருந்து உண்டாள்.

உப்பு விளையும் நாட்டை நோக்கிச் செல்லும் பாட்டில் உப்பில்லாக் கீரை! இது பழங்கதையென்று தள்ளற்பாலதன்று. கிழக்கிந்தியக் கும்பினியார் 1805-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்து உப்பைத் தம் தனியுரிமையாக்கினர். அதன்பின் கழியோரத்துத் தானே பூத்த உப்பை ஏழையொருத்தி அள்ளுதலும் குற்றமாயிற்று. 1930-ஆம் ஆண்டில் இராஜாஜி தலைமையில் வேதாரணியத்தில் தொண்டர் உப்பள்ளிச் சிறை புகுந்தது இக்கொடுமையை எதிர்த்தேயாம். 1947-ஆம் ஆண்டில்தான் உப்புவரி ஒழிந்தது. உப்பளத்தைக் கண்முன் கண்டும் உலையிலிடும் உப்பிற்கு வரி செலுத்தியவர் நம் முன்னோர். அவர்தம் பாட்டிமார் உப்பைக் காசுபோல் எண்ணிச் செலவிட்டதன் காரணம் இதனால் விளங்கும்.

அவ்வறிவே நம் இல்லச் சமையலில் பதிந்துளது. கருவாட்டுக் குழம்பை எடுத்துக்கொள்வோம். கருவாட்டை வெந்நீரிற் கழுவி, கத்தரியும் மொச்சையும் புளிக்கரைசலில் வெந்தபின்னரே இடுவர். உப்பை முதலில் இடார். கருவாட்டின் உப்புக் குழம்பில் இறங்கியபின் சுவை பார்த்து, வேண்டுமாயின் ஒரு சிட்டிகை சேர்ப்பர். கேழ்வரகு மாவை முதல்நாள் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் வெந்த உலையில் ஊற்றித் துடுப்பாற் கிளறிக் களியாக்கி, மறுநாட் காலை மோரும் கல்லுப்பும் இட்டுக் கரைத்துக் கூழாக்குவர். வெயிலில் நிற்கும் உழவர்க்கும் உப்பளத் தொழிலாளர்க்கும் வியர்வையாற் போகும் நீரையும் உப்பையும் ஒருங்கே மீட்டுத் தருவது அது. மீனுண்ணா இல்லங்களில் இதே அறிவு மோர்மிளகாயிலும் வற்றலிலும் ஊறுகாயிலும் விளங்குகின்றது.

ஆயினும் இந்நாளில் நம் இல்லங்களில் நிகழ்வது யாது? விருந்தினர் வந்தாற் கூழ்ப்பானையை மறைக்கின்றோம். பள்ளிக்குக் கருவாட்டுக் குழம்புச் சோறு கொண்டுசெல்லச் சிறுவர் நாணுகின்றனர். ஆடித் திங்களில் மாரியம்மன் திருமுன் பெருமையுடன் வார்க்கும் அக்கூழை ஏனைத் திங்களில் ஏழைமையின் அடையாளமாக எண்ணுகின்றோம். பாணன் மனைவி இல்லாமைக்கு நாணிக் கதவடைத்தாள். நாமோ உள்ளதற்கு நாணிக் கதவடைக்கின்றோம்.

பழைய உணவு சிறிதும் மாறலாகாது என்பது எம் கருத்தன்று. இன்று நம் குழம்பிற்கு உறைப்பூட்டும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற்குரியது. 1498-ஆம் ஆண்டில் போர்த்துக்கேசியர் கள்ளிக்கோட்டை வந்தடைந்ததன் பின்னரே இந்நாடு புகுந்தது. அதற்குமுன் உறைப்பென்றால் மிளகே. மிளகாயைக் கைக்கொண்டு அதனைத் தம்முடையதாக ஆக்கியவரும் நம் பெண்டிரே. மாறுவது குற்றமன்று, எது எங்ஙனம் மாறிற்று என்பதை அறியாமற் போவதே இழப்பு.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் திருவமுதிற்குரிய அரிசி, நெய், பருப்பு, மிளகு ஆகியவை அளவுடன் வெட்டப்பெற்றுள்ளன. நம் பாட்டிமார் அடிசிலுக்கோ கல்லுமில்லை, ஏடுமில்லை. 'ஒரு கைப்பிடி', 'கண்ணளவு' என்னும் அவர்தம் அளவுகள் அக்கையுடனும் கண்ணுடனும் மறைந்துவிடும். மூதாட்டி ஒருவர் மறையுந்தோறும் ஒரு நூல் எரிகின்றது என்பது மிகையன்று.

ஆதலின் சங்கத்து அன்பர்கள் அனைவரையும் யாம் வேண்டிக்கொள்வது இதுவே. இல்லந்தோறும் மூத்த அம்மையார் ஒருவர்பால் அமர்ந்து, ஓர் உணவின் செய்முறையை அவர் சொல்லும் சொல்லாலேயே எழுதுக. அதனை அவர்க்குக் கற்பித்தவர் யாவர், எத்திங்களில் ஆக்குவது, பஞ்சகாலத்தில் அதற்கு மாற்றாக யாது உண்டனர் என்பவற்றையும் கேட்டுக் குறிக்க. பிள்ளைகள் இதனைச் செய்வாராயின் இன்னும் நன்று. கேட்டெழுதிய உணவைக் குழந்தை பின்னர் நாணாது உண்ணும். அவற்றைத் திங்கள்தோறும் இவ்விதழில் வெளியிடின், சில ஆண்டுகளில் நம் குடும்பங்களின் உண்மை வரலாறு ஒன்று உருவாகும்.

அடைத்த கதவின் உள்ளே நிகழ்ந்ததைப் பாணன் வழியில் நின்று வாய்விட்டு உரைத்தான். அதனாலன்றோ உப்பில்லாக் கீரையை உண்ட ஒரு பெண்ணை நாம் இன்றும் அறிகின்றோம். நம் தாய்மாரையும் பின்வருவோர் அங்ஙனமே அறியுமாறு செய்தல் நம் கடன்.