வேகக் கடவுளுக்குக் காணிக்கை

பணத்தைக் கொட்டினால்தான் பழைய வண்டி வேகமெடுக்கும் என்பார்கள். நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊர்க்காரர் பர்ட் மன்ரோவிடம் பணம் இல்லை. 1920-இல் அவர் வாங்கிய ‘இந்தியன் ஸ்கவுட்’ மோட்டார் சைக்கிள் 600 சிசி. மணிக்கு 55 மைல்தான் ஓடும். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்துத் தானே பிஸ்டன் வார்த்தார். பழைய இரும்புக் குழாயைக் கடைந்து பெரிய சிலிண்டர் செய்தார். எஞ்சின் பலமுறை சிதறியது. உடைந்த பாகங்களை அலமாரியில் அடுக்கி, ‘வேகக் கடவுளுக்குக் காணிக்கை’ என்று எழுதி வைத்தார், மறுபடி வார்த்தார்.

1967-இல், தமது 68-ஆம் வயதில், அமெரிக்காவின் பானவில் உப்புச் சமவெளியில் அதே வண்டியை மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓட்டி, 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் உலக சாதனை படைத்தார். அவர் தாராளமாகச் செலவழித்தது நேரத்தைத்தான். பென்ஷன் வாங்கும் நம்மிடமும் அது நிறைய இருக்கிறதே!