பூங்காக்களை இணைத்த பாதை

நகரில் மரம் வளர்ப்பது ஒரு பணி. அம்மரநிழலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் வரை அறுபடாமல் கொண்டு செல்வது வேறொரு பணி. முதற்பணியைச் சிங்கப்பூர் விரைவில் கற்றுக்கொண்டது. இரண்டாவதைத் தொடங்குவதற்கு அதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவ்வரலாறு மாணவர் அறியத்தக்கது.

1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சாலைச் சந்திப்பில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 1967இல் ‘பூங்கா நகரம்’ என்னும் குறிக்கோள் அறிவிக்கப்பெற்றது. 1971 முதல் ஆண்டுதோறும் மரம் நடும் நாள் கொண்டாடப்பட்டது. தூங்குமூஞ்சி மரங்களும் அங்சானா மரங்களும் சாலைகளின் இருமருங்கிலும் ஓங்கி வளர்ந்து நிழல் பரப்பின. குடியிருப்புப் பேட்டைகளில் பூங்காக்கள் எழுந்தன. ஆயினும் அவை தனித்தனித் தீவுகளாகவே நின்றன. ஒரு பூங்காவினின்று அடுத்த பூங்காவுக்கு நடந்து செல்ல விரும்பியவரைப் பெருஞ்சாலைகளும் கால்வாய்களும் தடுத்தன.

இணைப்பதற்குப் புதிய நிலம் வேண்டும். சின்னஞ்சிறு நாட்டில் அதற்கு எங்கே போவது? திட்டமிட்டோர் புதுநிலம் தேடவில்லை. இருந்த நிலத்தையே வேறு கண்கொண்டு நோக்கினர். கால்வாய்களின் கரையோரம், பராமரிப்புப் பணிக்கெனக் கட்டடம் எழுப்பாது விடப்பட்ட நெடிய நிலத்துண்டுகள் கிடந்தன. சாலையோரங்களிலும் அத்தகைய நிலம் இருந்தது. எவரும் பொருட்படுத்தாத அந்நிலமே பூங்கா இணைப்புப் பாதைத் திட்டத்தின் அடித்தளமாயிற்று. 1991இல் திட்டம் ஏற்கப்பட்டது.

சொல்வது எளிது; செய்வது அரிது. கால்வாய்க் கரையில் தூர் வாரும் ஊர்தி செல்ல வழி வேண்டும். நடப்போர்க்கோ நிழல் வேண்டும். எனவே ஊர்தியின் பாரத்தையும் தாங்குமாறு பாதையை அமைத்து, அதன் ஓரத்தில் மரங்களை நட வேண்டியிருந்தது. ஒரே நிலத்துண்டு இரு துறையினர்க்கும் பயன்பட வேண்டுமாயின், இரு துறையினரும் விட்டுக்கொடுத்தலன்றி வேறு வழியில்லை.

1990களில் காலாங் ஆற்றங்கரையில் முதற்பாதை உருவாயிற்று. 2007இல் 42 கிலோமீட்டர் நீளமுள்ள கிழக்குக் கரையோர வளையம் திறக்கப்பெற்றது. 2015ஆம் ஆண்டளவில் பாதைகளின் மொத்த நீளம் 300 கிலோமீட்டரை எட்டியது. 2012இல் பீஷான் பூங்காவை ஒட்டியிருந்த காங்கிரீட் கால்வாய், புல்லும் கல்லும் சூழ வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டது. நீரைக் கண்டு விலகிச் சென்ற சிறுவர் அதன் கரையில் இறங்கி விளையாடலாயினர்.

கால்வாய்க் கரைகள் துண்டு துண்டாக இணைக்கப்பட்டவை. ஆனால் முழுமையாகவே கைக்கு வந்த நெடுவழி ஒன்றும் உண்டு. அதுவே பழைய இருப்புப்பாதை. 1903இல் உட்லண்ட்ஸ் வரை ஓடத் தொடங்கிய புகைவண்டிக்கு 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் எழுந்தது. அவ்வாண்டில்தான் இருப்புப்பாதைத் தொழிலாளரான தமிழர்கள் குவீன்ஸ்வே அருகே முனீஸ்வரனுக்குச் சிறுகோயில் ஒன்றை அமைத்தனர். அதுவே காமன்வெல்த் டிரைவிலுள்ள இன்றைய ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயத்தின் தொடக்கமாகும். 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீண்ட அந்நிலம் சிங்கப்பூர் வசமாயிற்று.

அதனைக் கூறுபோட்டுக் கட்டடங்களுக்கு ஒதுக்கியிருக்கலாம். ஆனால் இயற்கை ஆர்வலர்கள் 2010ஆம் ஆண்டிலேயே, அவ்வழியை அறுக்காமல் பசுமைப் பாதையாகக் காக்க வேண்டும் என்று முன்மொழிந்தனர். பொதுமக்களும் குரல் கொடுத்தனர். ஒரு முறை துண்டாடப்பட்ட வழியை மீண்டும் ஒட்டவைப்பது எத்துணைக் கடினம் என்பதைக் கால்வாய்க் கரைப் பணிகள் முன்னரே காட்டியிருந்தன. பாதை காக்கப்பட்டது. தண்டவாளம் பதித்தோரின் வியர்வை சிந்திய வழியில் இன்று முதியோரும் மாணவரும் நடைபயில்கின்றனர்.

எஞ்சிய குறைகளும் உள. பெருஞ்சாலை குறுக்கிடும் இடங்களில் நடப்பவர் படியேறி இறங்க வேண்டியிருக்கிறது, அல்லது நெடுநேரம் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. இளைஞர்க்கு அது சிறு தடை. ஊன்றுகோலுடன் வரும் மூதாட்டிக்கோ பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆதலின் பசுமை வழியின் பெருமையை அதன் நீளத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அம்மூதாட்டி எதுவரை நடந்து செல்ல இயலும் என்பதைக் கொண்டும் அளத்தல் வேண்டும்.