மரவழி மண்மீட்பு: பேரணாம்பட்டுத் தோல் வட்டாரம்

விரைந்து வளரும் மரங்களை நட்டு, உலோகக் கழிவு கலந்த நிலத்தைத் தேற்றும் முறை மரவழி மண்மீட்பு. ஐரோப்பாவில் காட்மியமும் துத்தநாகமும் படிந்த வயல்களில் வில்லோ மரங்களை வளர்த்து, அவ்வப்போது வெட்டி அகற்றுகிறார்கள். பாலாற்றுப் படுகையின் சிக்கல் வேறு. இங்கே மண்ணில் கிடப்பது குரோமியம்.

இப்படுகையிலுள்ள பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிட்டார்கள். சென்னை கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903-இல் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். முழுமையாக்கிய தோலையே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று அரசின் சீதாராமையா குழு 1970-களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த பிறகு அம்முறை வேகமாகப் பரவியது. குரோம் உப்பில் ஊறிய தோல் வெளிர்நீலமாக வெளிவரும். தொழிலில் அதற்கு ‘வெட் புளூ’ என்று பெயர். போடும் குரோமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும்.

போன இடம் வயலும் கிணறும். தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்தது. அந்தக் கணக்கைச் சுட்டித்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே மீட்புச் செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1999-இல் கோவையிலுள்ள அப்பல்கலைக்கழகத்தில், தோல் கழிவால் கெட்ட மண் குறித்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்த பயிலரங்கு நடந்தது.

உப்புப் பூத்து வரப்பெல்லாம் வெளுத்த நிலத்தில் நெல் வராது. சவுக்கும் சீமைக்கருவேலமும் தாக்குப்பிடிக்கும். சருகு மக்கிச் சேரும் கரிமப்பொருள், நச்சு மிகுந்த ஆறிணைதிறன் குரோமியத்தை எளிதில் கரையாத மூவிணைதிறன் வடிவத்துக்கு மாற்றும். வேர்கள் நீரை உறிஞ்சுவதால் கழிவு கீழே இறங்குவதும் குறையும். ஆனால் குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். தண்டுக்கு ஏறுவது மிகக் கொஞ்சம். எனவே மேல்மரத்தை எத்தனை முறை வெட்டினாலும் மண்ணிலுள்ள குரோமியம் பெரிதாகக் குறையாது. பாலாற்று நிலத்துக்கு மரம், கழிவு பரவாமல் தடுக்கும் ஒரு காவல்தான். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை வளாகத்தில் குவிந்த ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை எந்தத் தோப்பாலும் உறிஞ்சித் தீர்க்க முடியாது. அதைத் தோண்டி அகற்றிப் பாதுகாப்பாக அடைத்துவைக்கத்தான் வேண்டும்.

இத்தகைய நிலத்தில் சீமைக்கருவேலம் வளர்த்தவர்கள் வேர்க்கட்டையைத் தோண்டி விறகாக்க வேண்டாம். எரியும்போது அதிலுள்ள குரோமியம் மீண்டும் ஆறிணைதிறன் நஞ்சாக மாறிச் சாம்பலில் தங்கக்கூடும்.